எந்தக் கம்பெனிக் கார் நெடுநாள் உழைக்கும்? ஒரு குடும்பத்துக் கார்களை வைத்து ஒரு மதிப்பீடு

சென்னை, செங்கல்பட்டு, மதுரை என்று பிரிந்து வாழும் எங்கள் குடும்பத்தில் மாருதி, டொயோட்டா, ஹூண்டாய், ஹோண்டா, ஃபோர்டு, ஃபோக்ஸ்வாகன் என்று ஆறு கம்பெனிகளின் கார்கள் ஓடுகின்றன. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் கூடும்போது, எதை வாங்கினால் பத்து ஆண்டுகளுக்குத் தொல்லை இல்லாமல் ஓடும் என்ற பேச்சு தவறாமல் எழும். பெரியப்பா இன்னோவாவை விட்டுக்கொடுக்க மாட்டார், மைத்துனர் ஜெர்மன் காரின் உறுதியைப் பற்றித் தொடங்கினால் சாப்பாட்டுப் பந்தி முடிந்தாலும் அவர் முடிக்க மாட்டார். அந்த விவாதங்களையும், சேர்த்துவைத்த சர்வீஸ் ரசீதுகளையும், மெக்கானிக்குகள் சொன்ன விவரங்களையும் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மைலேஜ், இருக்கை வசதி, தோற்றம் ஆகியவற்றை இதில் கணக்கில் எடுக்கவில்லை. கார் வழியில் நிற்காமல் ஓடுமா, பழுதானால் நியாயமான செலவில் விரைவாகச் சரியாகுமா என்ற இரண்டு கேள்விகளே இங்கே அளவுகோல்.

கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லி "இது உழைக்கும், அது உழைக்காது" என்று தீர்ப்பளிப்பது பெரும்பாலும் பயனற்றது என்பது என் கருத்து. இதற்குப் பழைய டீசல் கார்களே தெளிவான சான்று. ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின் இந்தியாவில் ஃபியட் புன்டோவிலும் லினியாவிலும் இருந்தது. அதே எஞ்சின் 2007 முதல் மாருதி ஸ்விஃப்டில் டிடிஐஎஸ் என்ற பெயரோடு வந்தது. டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் ஆனது. செவ்ரோலே செயிலிலும் இடம்பெற்றது. நான்கு கம்பெனிகள் ஒரே எஞ்சினை வைத்திருந்ததால் வாகன இதழ்கள் அதைத் தேசிய எஞ்சின் என்று வேடிக்கையாக அழைத்தன. ஆனால் பழைய கார் சந்தைக்குப் போய்ப் பாருங்கள்: ஒரே ஆண்டில் வந்த ஸ்விஃப்ட் டீசலுக்கும் புன்டோவுக்கும் கேட்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கும். எஞ்சின் நான்கிலும் நன்றாகவே உழைத்தது. வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் கொண்டது என்பதால், குறித்த கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றியே ஆகவேண்டும் என்ற செலவும் அதில் இல்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் இழுத்தடித்தவர்களுக்கு மட்டும் அந்தச் செயின் தளர்ந்து சத்தம் போட்டது. மதிப்பைத் தீர்மானித்தவை எஞ்சினைச் சுற்றியிருந்த பொருள்கள்தாம். வயரிங், சஸ்பென்ஷன் புஷ்கள், சென்சார்கள், கதவுப் பூட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, சிற்றூரிலும் உதிரிபாகம் கிடைக்கிறதா என்பது. மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு டீசலையே கைவிட்ட பிறகும், டிசையர் டீசலுக்கு இன்றும் தாலுகா தலைநகரில்கூட கிளட்ச் செட் கிடைக்கிறது. புன்டோவை விரும்பி வைத்திருப்பவர் அதே பொருளுக்கு ஊர் ஊராகத் தொலைபேசியில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இன்னோவாவுக்கு வருவோம். 2005-ல் குவாலிஸுக்குப் பதிலாக வந்த முதல் இன்னோவாவைப் பற்றி டாக்ஸி ஓட்டுநர்கள் சொல்வதில் மிகை குறைவு. அதன் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் வெறும் 102 குதிரைத்திறனையே தந்தது. இன்றைய கணக்கில் இது மிகக் குறைவு, ஆனால் உழைப்பின் இரகசியமும் இதில்தான் இருக்கிறது: பெரிய எஞ்சினிலிருந்து சிறிய வேலையை மட்டும் வாங்கினால் டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் கேஸ்கெட்டுக்கும் நெருக்கடி குறைகிறது. லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் உடலை வைத்துக் கட்டிய வண்டி என்பதால் பள்ளமும் மேடும் அதன் கதவு இடைவெளிகளைக் கலைப்பதில்லை. பெரியப்பாவின் வண்டி பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய பின்னும் எஞ்சினைத் திறக்காமலே இருக்கிறது. ஆனால் "எதுவும் செய்யத் தேவையில்லாத வண்டி" என்று அவர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அதை அவர் உரிய காலத்தில் மாற்றிய ரசீது என் கண்முன்னே இருக்கிறது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிறகு எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். பழைய இன்னோவா வாங்குபவர்கள் ஓடோமீட்டரை நம்புவதைவிட இந்த ரசீதைக் கேட்பது நல்லது.

2016-ல் வந்த கிரிஸ்டாவில் 2.4 லிட்டர் எஞ்சின் 150 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது, பெல்ட் போய்ச் செயின் வந்தது, தனிச் சட்டம் அப்படியே தொடர்ந்தது. 2022 இறுதியில் அறிமுகமான ஹைகிராஸ் பெயரில் மட்டுமே இன்னோவா. தனிச் சட்டமில்லாத உடல், முன்சக்கர இயக்கம், பெட்ரோல் அல்லது ஹைபிரிட் என்று அடிப்படையே வேறு. ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி இருப்பதால் இப்போதைக்குக் கவலையில்லை. ஆனால் பழைய இன்னோவா சம்பாதித்த நற்பெயரை இதற்கு அப்படியே மாற்றி எழுதிவிட முடியாது. பெயர் ஒன்றானதால் உழைப்பும் ஒன்றாகிவிடும் என்ற நம்பிக்கை டொயோட்டாவையும் காப்பாற்றுவதில்லை: 2024-ல் அமெரிக்காவில் தன் டன்ட்ரா பிக்கப், லெக்சஸ் சொகுசு வண்டிகளில் ஏறத்தாழ 1 லட்சத்தை, எஞ்சின் தயாரிப்பின்போது உள்ளே தங்கிய உலோகத் துகள்களுக்காக அந்தக் கம்பெனியே திரும்ப அழைத்தது.

இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. டொயோட்டா கிளான்சாவை வாங்கிவிட்டு "ஜப்பான்காரன் டொயோட்டா, அதனால் நிம்மதி" என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். கிளான்சா என்பது மாருதி பலேனோவேதான். எஞ்சின், கியர்பாக்ஸ், உடல் எல்லாம் சுசுகியுடையவை. 2019-ல் அது வந்தபோது வேறுபாடு வாரண்டியில் இருந்தது. டொயோட்டா 3 ஆண்டுகள் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் கொடுத்தது; மாருதி அப்போது 2 ஆண்டுகள் அல்லது 40,000 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டது. 2024 ஜூலையில் மாருதியும் அதே அளவுக்கு உயர்த்திவிட்டதால் அந்தக் காரணமும் போய்விட்டது. அருகிலிருக்கும் சர்வீஸ் சென்டர் யாருடையது என்று பார்த்து இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எஞ்சின்களைவிட இன்று கார்களை அதிகம் பிரித்துக்காட்டுவது கியர்பாக்ஸ். "கிரெட்டா நம்பகமானதா?" என்று கேட்பவரிடம் "எந்தக் கிரெட்டா?" என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். சாதாரண 1.5 பெட்ரோலில் மேனுவலும், கியர் படிகளே இல்லாத சிவிடி ஆட்டோமேட்டிக்கும் உண்டு. டர்போ பெட்ரோலில், இரண்டு கிளட்சுகளைக் கொண்டு தானாகவே கியர் மாற்றும் ஏழு கியர் டூயல் கிளட்ச். டீசலில் மேனுவலும், ஆயில் வழியாக விசையைக் கடத்தும் பழைய வகை ஆட்டோமேட்டிக்கான டார்க் கன்வெர்டரும். ஒரே உடலுக்குள் நான்கு வெவ்வேறு இயந்திர வாழ்க்கைகள் இருக்கின்றன. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களிலும் இதே நிலைதான். குஷாக், டைகன், ஸ்லாவியா, விர்டஸ் ஆகியவற்றில் 1.0 லிட்டர் எஞ்சினோடு ஆறு கியர் டார்க் கன்வெர்டரும், 1.5 லிட்டர் எஞ்சினோடு டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் டூயல் கிளட்சும் வந்தன.

இந்த டிஎஸ்ஜி உலர் கிளட்ச் வகையைச் சேர்ந்தது. இதன் இரண்டு கிளட்ச் தட்டுகளும் ஆயிலில் மூழ்கியிருப்பதில்லை. காற்றால் மட்டுமே குளிர்கின்றன. நெடுஞ்சாலையில் இதற்கு நிகரான சுகம் இல்லை. கத்திப்பாரா மேம்பாலத்தின் கீழ் மாலை வேளையில் அங்குலம் அங்குலமாக நகரும்போதோ கிளட்ச் முழுதாகவும் பிடிக்காமல், முழுதாகவும் விடாமல் உரசிக்கொண்டே இருக்கிறது, சூடு ஏறுகிறது. சூடும் ஈரப்பதமும் அடிக்கடி நின்று நகரும் போக்குவரத்தும் சேர்ந்த ஊர்களில் இந்தக் கியர்பாக்ஸின் செயற்கை ஆயில் மின்கோளாறுக்கு வழிசெய்யலாம் என்று கண்டறிந்து, 2013-ல் ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து மினரல் ஆயில் நிரப்பிக் கொடுத்தது. அறிவிப்பில் சொன்ன தட்பவெப்பம் சென்னையின் விவரக்குறிப்பைப் போலவே இருக்கிறது. அதன் பிறகு பல திருத்தங்கள் நடந்துள்ளன, அந்தக் கம்பெனி இங்கே 4 ஆண்டுகள் வாரண்டியும் தருகிறது. ஆனாலும் அன்றாடம் நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவர் 1.0 லிட்டரோடு வரும் டார்க் கன்வெர்டரை எடுப்பதே அறிவுடைமை. மைத்துனரும் அதைத்தான் எடுத்தார். அவருடைய நிம்மதிக்குக் காரணம் ஜெர்மன் உறுதியைவிட அந்தத் தேர்வே என்பது என் எண்ணம். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

டூயல் கிளட்ச் விஷயத்தில் ஃபோர்டின் அனுபவம் இன்னும் கசப்பானது. பவர்ஷிஃப்ட் என்ற அதன் கியர்பாக்ஸ் ஃபோக்கஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் கார்களில் வந்தது. ஆஸ்திரேலியாவில் அதைப் பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் அங்குள்ள நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் 2017-ல் எக்கோஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது ஃபோர்டு அந்தக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டு டார்க் கன்வெர்டரைப் பொருத்தியது. ஆகவே பழைய எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் வாங்க நினைப்பவருக்கு 2017-க்கு முன்னும் பின்னும் வந்த வண்டிகள் இரு வேறு கார்கள். மேனுவல் வண்டிகளைப் பற்றி இந்தக் கவலை தேவையில்லை. அவற்றின் ஸ்டியரிங்கும் உடல் உறுதியும் இன்றும் பாராட்டத்தக்கவை.

ஏஎம்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2014-ல் செலிரியோவோடு இங்கே பரவத் தொடங்கிய இந்த வகை, மேனுவல் கியர்பாக்ஸின் மேல் கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு கருவியை ஏற்றிவைத்தது, அவ்வளவே. பழுது பார்ப்பது எளிது, செலவும் குறைவு. மேம்பாலச் சரிவில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் கிளட்சை விரைவில் தீர்த்துவிடுவார்கள்.

ஃபோர்டைப் பற்றிப் பேசும்போது மறைமலை நகரில் உள்ள அதன் ஆலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தபோது, செங்கல்பட்டு மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பல. அதோடு ஒப்பிட்டால் கார் உரிமையாளர்களின் கவலை சிறிது. ஆனாலும் உழைப்பை மதிப்பிடுவதில் இது பெரிய பாடம். நேற்றுவரை நம்பகமாக இருந்த கார், அதில் எந்த மாற்றமும் நிகழாமலே, ஓர் அறிவிப்பால் மதிப்பிழக்கிறது. செவ்ரோலேவை 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டபோதும் இதேதான் நடந்தது. சர்வீஸ் தொடரும் என்ற உறுதிமொழியை ஃபோர்டு பெருமளவு காப்பாற்றுகிறது: ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் பாகங்கள் எளிதில் வந்துவிடுகின்றன. விபத்தில் உடைந்த ஹெட்லைட், பம்பர், கதவு போன்றவைதான் காக்கவைக்கின்றன. ஜெனரல் பீட்டர்ஸ் சாலையில் உதிரிபாகக் கடைகளைக் கேட்டு, அங்கும் கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் பிரித்துவைத்த பழைய பாகங்களைத் தேடும் வசதி சென்னைக்காரர்களுக்கு இருக்கிறது. மதுரைக்குத் தெற்கே இருப்பவர் இந்தச் சங்கடத்தை விலையில் கழித்துக்கொண்டுதான் பழைய ஃபோர்டை வாங்க வேண்டும்.

இதன் மறுமுனையில் மாருதி. அதன் நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் கே-சீரிஸ் பெட்ரோல் எஞ்சின் டர்போ இல்லாதது, சாதாரணமானது, பேசிப் பெருமைப்பட எதுவும் இல்லாதது. ஆனால் நான் பார்த்த கார்களில் மிகக் குறைவாகக் கவனம் கேட்டது அதுதான். உடல் தகடும் உட்புறப் பிளாஸ்டிக்கும் மெல்லியவை என்ற குறையை மறுப்பதற்கில்லை. விபத்துப் பாதுகாப்பு தனிக் கேள்வி. ஹூண்டாயின் 1.2 கப்பா எஞ்சினும் இதே தரத்தில் நிற்கிறது, ஓசையிலும் மென்மையிலும் ஒரு படி மேலே. இருங்காட்டுக்கோட்டையில் தயாராவதால் தமிழகத்தில் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஹோண்டா சிட்டியின் 1.5 ஐ-விடெக் எஞ்சினைப் பற்றி அண்ணன் புகழ்வதெல்லாம் உண்மை. ஆனால் பாகங்களின் விலை மாருதியைவிடக் கூடுதல், அடிப்பாகம் தாழ்வு. கூர்மையான வேகத்தடைகள் உள்ள ஊரில் அது ஒரு நித்திய கவலை.

"மாருதி அடிக்கடி திரும்ப அழைக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. 2021-ல் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதிக்க 1,81,754 பெட்ரோல் கார்களை அழைத்தது, 2023-ல் ஸ்டியரிங் டை ராடுக்காக ஈகோ, எஸ்-பிரஸ்ஸோ கார்களில் 87,599-ஐ அழைத்தது. ஹோண்டாவும் 2024-ல் எரிபொருள் பம்புக்காக 90,000-க்கும் மேற்பட்ட பழைய கார்களை அழைத்தது. இந்த எண்களை உழைப்பின் அளவாக எடுத்துக்கொள்வது சரியல்ல. அதிகம் விற்பவர் அழைக்கும்போது எண்ணும் பெரிதாகத்தான் இருக்கும். நம் நாட்டில் 2012 முதல் திரும்ப அழைப்பது கம்பெனிகளின் விருப்பப்படி நடந்தது. 2021 ஏப்ரல் முதல்தான் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அரசு கட்டாயப்படுத்தும் விதி வந்தது. குறையை ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தரும் கம்பெனியைவிட, வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பணம் வாங்கி அதே பாகத்தை மாற்றும் கம்பெனியைப் பற்றித்தான் நாம் அஞ்ச வேண்டும்.

அப்படி ஓர் அனுபவம் எங்கள் வீட்டுக்கும் உண்டு. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ஏசி குளிர்ச்சி குறைந்ததும் சர்வீஸ் சென்டரில் கேஸ் நிரப்பினார்கள். அடுத்த கோடையில் மறுபடியும் நிரப்பினார்கள். கசிவு எங்கே என்று தேடச் சொல்லி வற்புறுத்திய பிறகே டேஷ்போர்டைப் பிரித்து, கூலிங் காயில் ஓட்டையாகியிருப்பதைக் கண்டார்கள். அதற்குள் வாரண்டி முடிந்திருந்தது. காயில் பழுதானது காரின் குறை. கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் விற்றது சர்வீஸின் குறை. எனக்கு அதிகம் வலித்தது இரண்டாவதுதான். ஒரு கம்பெனியின் மேல் வைக்கப்படும் பழிகளில் கணிசமான பங்கு உண்மையில் அந்த ஊர் டீலருக்குப் போகவேண்டியது.

ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம், சாலையில் நின்றுபோன கார்களுக்கு உதவப் போகும்போது குறித்துக்கொள்ளும் விவரங்களை 1978 முதல் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று ஆண்டு ஓடிய கார்களின் உரிமையாளர்களைக் கேட்டு, 100 கார்களுக்கு எத்தனை குறைகள் என்று கணக்கிடுகிறது. அந்தப் பட்டியல்களில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஏடிஏசி கணக்கில் வண்டி நிற்பதற்குத் தலையாய காரணம் எஞ்சினோ கியர்பாக்ஸோ அல்ல, சாதாரண 12 வோல்ட் பேட்டரி. ஜே.டி. பவர் கணக்கில் அதிகக் குறை சொல்லப்படுவது தொடுதிரை, ஃபோன் இணைப்பு முதலியவற்றைப் பற்றி. திரை உறைந்துபோவதையும் நடுவழியில் நிற்பதையும் ஒரே தட்டில் வைத்து எண்ணும் பட்டியல், வாங்குபவருக்கு எவ்வளவு உதவும் என்பது சிந்திக்கத்தக்கது. நம் ஊரில் அந்த அளவுகூட வெளிப்படையான கணக்கு இல்லாத நிலையில், கால் டாக்ஸி ஓட்டுநர்கள் எதைச் சொந்தக் காசு போட்டு வாங்குகிறார்கள் என்பதே நம்பத்தகுந்த கணக்கெடுப்பு.

கம்பெனி எதுவானாலும், பயன்பாட்டுக்குப் பொருந்தாத எரிபொருளைத் தேர்ந்தால் தொல்லை நிச்சயம். பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க, வண்டி நெடுஞ்சாலை வேகத்தில் சிறிது நேரம் தொடர்ந்து ஓடியாக வேண்டும். பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போய்வரும் டீசல் காரில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். உடனே "இந்தக் கம்பெனி மோசம்" என்பார்கள். பெட்ரோல் பக்கம், 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருள் பரவலாகிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் அதைத் தாங்கும் பாகங்கள் உண்டு. அதற்கு முந்தைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கூறியது. ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் சர்வீஸ்தோறும் பார்க்கச் சொல்வது நல்லது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்களில் எல்லாக் கம்பெனிகளும் இருந்தன. தண்ணீர் வடிந்ததும் ஆவலில் ஸ்டார்ட் செய்தவர்களின் எஞ்சினில், உள்ளே புகுந்த தண்ணீரால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தது; டோ செய்து கொண்டுபோனவர்களின் எஞ்சின் பிழைத்தது.

என் வரிசையைக் கேட்டால், பத்து ஆண்டு வைத்திருக்க விரும்புபவருக்கு டர்போ இல்லாத மாருதி அல்லது ஹூண்டாய் பெட்ரோல் மேனுவலை முதலில் சொல்வேன். பெரிய குடும்பமும் நீண்ட பயணமும் உள்ளவருக்குக் கிரிஸ்டா. ஓட்டும் இன்பத்துக்காகக் கூடுதலாகச் செலவழிக்கத் தயங்காதவருக்கு ஹோண்டா சிட்டி அல்லது 1.0 லிட்டர் விர்டஸ். டாடாவையும் மஹிந்திராவையும் எங்கள் வீட்டில் யாரும் நெடுநாள் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதால் வரிசையில் சேர்க்கவில்லை. எதை வாங்கினாலும் மாடல் வந்து ஓர் ஆண்டாவது கழியட்டும். டர்போவோ டூயல் கிளட்சோ எடுப்பவர்கள் நீட்டித்த வாரண்டியை, முதல் வாரண்டி முடியும் முன்பே வாங்கிவிட வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் சோதனைக் கட்டணம் கேட்பார்கள், சில இடங்களில் தரவே மாட்டார்கள். அந்தத் தாளில் கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதியும் டர்போவும் ஏசி கூலிங் காயிலும் அடங்குமா என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். கிளட்ச் தட்டு பெரும்பாலும் அடங்காது.